பாதி வலி

“எண்பத்தி மூணு!” என்று சிஸ்டர் கூவுகிறாள். கூடத்தின் மறுகோடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெண் அதை எழுதிக்கொள்கிறாள். இடையில் பெஞ்சுகளில் இருக்கும் நாங்கள் அத்தனை பேரும், எடை மெஷினிலிருந்து இறங்குகிற அந்த மனிதரின் வயிற்றைப் பார்க்கிறோம். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஓர் எண் காதில் விழுந்ததும் கண் அதற்குரிய சதையைத் தேடிப் போய்விடுகிறது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, செருப்பைக் கால்விரல்களால் துழாவி மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து உட்காருகிறார். பாளையங்கோட்டையில் இந்த மூட்டு ஆஸ்பத்திரியின் வழக்கம் இது. மெஷின் வாசலோரம், மேசை உள்ளே. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் கூவ வேண்டியதில்லை என்று இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்கும், கூவுவதிலும் ஒரு சுகம் இருக்கிறது, அதை யார் விடுவார்கள்? ராஜாக்கள் துலாபாரம் ஏறியபோதும் யாராவது இப்படிக் கூவியிருப்பார்களோ? கல்லூரியில் வரலாறு நடத்துகிறவளுக்கு இந்த மாதிரி இடத்தில் யோசனை இந்த மாதிரிதான் போகும். ஒரு தட்டில் ராஜா, மறு தட்டில் பொன். ராஜா குண்டாக இருந்தால் தானம் வாங்குகிறவர்களுக்கு லாபம். வாளும் கேடயமுமாக ஏறி உட்கார வேண்டும் என்றுகூட விதி உண்டு, பொன் இன்னும் கொஞ்சம் கூடட்டும் என்றுதான் இருக்க வேண்டும். எந்தக் கல்வெட்டிலும் ராஜாவை இளைக்கச் சொன்னதாக நான் படித்ததில்லை. இங்கே பெண்கள் வளையலையும் கைப்பையையும் முன்பின் தெரியாத பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறுகிறார்கள். ஒருத்தி தலையில் இருந்த பூவை எடுத்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கால் முழம் மல்லிகை.

நான் இன்று எதையும் கழற்றப் போவதில்லை. போன தடவை என்னைத்தான் “எண்பத்தி ஒம்பது!” என்று கூவினாள். அந்த எண் இந்தச் சுவர்களில் முட்டி முட்டித் திரும்பி வந்து என் மடியில் விழுந்தது. நாலு மாதம் ஆகிறது. அன்றைக்கு உள்ளே போய், கட்டை விரலிலிருந்து கணுக்கால்வரை எங்கெங்கே வலிக்கிறது என்று ஒழுங்காக, ஒரு பாடம் நடத்துகிற முறையில் எடுத்துச் சொன்னேன். ஆறு வருஷமாக முடக்குவாதம். காலையில் சாக்பீஸ் பிடிக்க முடியாது. முதல் வகுப்பில் பாதி நேரம் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி ஒப்பேற்றுவேன். சாப்பிடுகிற மாத்திரை போதவில்லை, மருந்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் போனேன். டாக்டர் ஏசுவடியான் என் விரல்களை மாவு பதம் பார்ப்பதுபோல் அமுக்கிப் பார்த்தார். “வீக்கம் மாதிரி தெரியலயே, சதையால்ல இருக்கு” என்றார், என்னிடம் அல்ல, பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம். ரத்தப் பரிசோதனை வேறு அந்தத் தடவை நல்லபிள்ளையாக எல்லாம் சரி என்று காட்டி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. “வெயிட்டைக் குறைங்க மேடம். பாதி வலி போயிரும்.” “மீதிப் பாதி, டாக்டர்?” “அதை அப்பப் பாப்போம்.” மணியை அடித்துவிட்டார். அவ்வளவுதான். முகத்தைப் பார்க்கவே இல்லை. சதை என்ற சொல்லை அவர் உச்சரித்த விதத்தில் ஓர் ஈரம் இருந்தது. அந்த ஈரம் மாடிப்படி இறங்கும்வரை என் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அன்றே முடிவு செய்தேன். பழி போடுவதற்கு ஒரு கிலோ சதைகூட அவருக்கு மிச்சம் வைக்கக் கூடாது. இளைத்து வந்து, எதிரே உட்கார்ந்து, பேச வேண்டிய பேச்சைப் பேச வேண்டும். பேச்சு தயாராக இருக்கிறது. பஸ்ஸில், குளியலறையில், தேர்வுக் கண்காணிப்பில் நின்றுகொண்டு என்று நாலு மாதமாகச் செதுக்கியிருக்கிறேன். டாக்டர், நீங்கள் சொன்னபடி செய்தேன். பதின்மூன்று கிலோ போய்விட்டது. வலி அப்படியே இருக்கிறது. இப்போது எதன்மேல் பழி போடுவதாக உத்தேசம்? அந்த ‘உத்தேசம்’ என்ற சொல்லை இரண்டு தடவை மாற்றி, மறுபடி அதையே வைத்துக்கொண்டேன். நல்ல பேச்சு. அதில் ஒரே ஒரு குறை, இன்று காலை தெரிந்தது. அது பொய்.

ரவிக்கைக் கொக்கி. மூன்று வருஷமாக என் வீட்டுக்காரர்தான் போட்டுவிடுகிறார். வேலாயுதம் அதிகாலையில் என் குரல் கேட்டதும் பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து, கண்ணைத் திறக்காமலே கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகக் கொக்கியை மாட்டிவிட்டு மறுபடி போய்ப் படுத்துவிடுவார். இன்று கூப்பிடுவதற்கு முன், எப்படியும் முடியாது என்று தெரிந்தே சும்மா முயன்று பார்த்தேன். கொக்கி மாட்டிக்கொண்டது. அடுத்ததும். விரல்கள் எனக்குத் தெரியாமல் எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்து வந்தவை போல மளமளவென்று மாட்டி முடித்தன. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சந்தோஷப்படுகிறவளின் முகம் இல்லை அது. பந்தயத்தில் பணம் தோற்றவளின் முகம். யோசித்துப் பார்த்தால் ஒரு வாரமாகவே முழங்கால் சத்தமில்லாமல் இருக்கிறது. கழிவறையில் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன். அதையெல்லாம் கவனிக்காத மாதிரி என்னிடமே நடித்திருக்கிறேன். நிதானமாக எல்லாக் கொக்கியையும் கழற்றினேன். கழற்றிவிட்டு, “ஏங்க” என்று கூப்பிட்டேன். அவர் வந்தார். கண்ணை மூடிக்கொண்டே மாட்டிவிட்டார். “ரொம்ப வலிக்கோ?” என்றார். “ம்” என்றேன். ஐம்பது வயதில், முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டிய கணவனிடம் கொக்கி விஷயத்தில் பொய். எனக்கே என்னைப் பார்க்கக் குமட்டியது.

இப்போதும் குமட்டுகிறது. கூடத்தில் காற்றே இல்லை. தைல வாசனைக்கு அடியில் வேர்வை, அதற்கு அடியில் யாரோ கொண்டுவந்த டிபன் பாக்ஸிலிருந்து நேற்றைய சாம்பார். வாசனைகள் மண்ணடுக்குபோல ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. தோண்டத் தோண்ட வருகின்றன. என்ன சொல்லப் போகிறேன் உள்ளே? குறைந்திருக்கிறது என்று சொன்னால், பாருங்கள், நான் சொன்னேன் அல்லவா என்பார். இன்னும் குறையுங்கள் என்று மணியை அடிப்பார். மிச்சம் இருக்கிற வலி கேட்பாரற்று எனக்குள் கிடந்து எலும்பை அரிக்கும். இந்த நோயில் அரித்தது அரித்ததுதான். பிறகு எந்த மருந்தும் அதை எழுப்பிக் கட்டாது. குறையவில்லை என்று சொன்னால் மருந்து மாறும். பொய்க்கு எழுதிய மருந்து மெய்யான ஈரலுக்குள் போய் அதைக் கெடுக்கும். ஆக, உண்மையைச் சொன்னால் மருந்து கிடைக்காது, பொய் சொன்னால் அளவு தெரியாத மருந்து கிடைக்கும். இதில் எனக்குப் பெரிய வருத்தம் எலும்பா, ஈரலா, அந்த மனிதர் ஜெயிப்பதா என்று கேட்டால், மூன்றாவதுதான் என்று சொல்ல நேரும். அதனால் என்னிடம் நானே கேட்டுக்கொள்வதில்லை.

அவர் சொன்னது சரியாகிப் போனதைத்தான் சகிக்க முடியவில்லை. அவரை மடக்குவதற்காகத்தான் படிக்கத் தொடங்கினேன். கொழுப்பு என்றால் கிடங்கு என்று நினைத்திருந்தேன். பஞ்ச காலத்துக்கென்று சேர்த்து வைக்கிற பத்தாயம், பூட்டிக் கிடக்கும், சாவி நம்மிடம். படித்த பிறகு தெரிந்தது, அது கிடங்கில்லை, ஆபீஸ். ஆள் நடமாட்டம் உள்ள, லீவே விடாத ஆபீஸ். கொழுப்பு அணுக்கள் ஓயாமல் எதையாவது சுரந்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்குமாம். அவற்றில் சில, அழற்சியைக் கிளப்பிவிடுகிறவை. ஏற்கெனவே என் உடம்பின் காவல்படை புத்தி பேதலித்து என் மூட்டுகளையே அந்நியர் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. அரண்மனைக் காவலர்களே அரசனைக் கொன்ற கதைகளை வருஷா வருஷம் நடத்துகிறேன். அதே கதை என் தோலுக்கு அடியில். அந்தக் கலகக்காரர்களுக்கு என் வயிறு ஓலை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. விடாதே, அடி, நான் இருக்கிறேன். என் சோற்றைத் தின்று, என் புடவைக்குள் சூடாகப் படுத்துக்கொண்டு, என் விரல்களைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதைப் படித்த அன்று வயிற்றில் கை வைக்கவே கூசியது. மழைக்காலத்தில் கல்லைப் புரட்டினால் அடியில் ஏதோ நெளியுமே, அது மாதிரி. சும்மா இருக்கிறது என்று நினைத்த ஒன்று சும்மா இல்லை. போதாதற்கு ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்கால் தாங்குவது உடம்பின் எடையை மட்டும் அல்லவாம், அதைப்போலப் பல மடங்காம். சில மருந்துகள் பெரிய உடம்புக்குள் போய் எடுபடுவதும் இல்லையாம். அவர் பக்கத்துக்கு இத்தனை சாட்சி! ஒரு சாட்சியையாவது உடைக்கலாம் என்று கட்டுரை கட்டுரையாகத் தேடினேன். என் கட்சிக்குக் கிடைத்தது ஒன்றுதான்: எடை குறைந்தால் வலி குறையலாம், நோய் போய்விடாது. அந்த ஒற்றைச் சாட்சியை மடியில் கட்டிக்கொண்டுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

வைராக்கியத்தால் இளைத்தேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அருவருப்பால் இளைத்தேன். சோற்றைப் பார்த்தால் ஓலை எழுதுகிற அந்த ஆபீஸ் ஞாபகம் வந்தது. எண்ணெய் மின்னுகிற எதைப் பார்த்தாலும் அதற்குப் போகிற மை மாதிரி தெரிந்தது. அவித்த கொள்ளு, உப்பில்லாத கீரை, ஈரத்துணி வாசனை அடிக்கிற முளைப்பயறு. மைதானத்தில் காலையில் நடக்கப் போனால் அங்கே இன்னொரு கூட்டம், கையை வீசி வீசி, வெண்டைக்காய் ஊறிய தண்ணீரைப் பற்றிப் பேசிக்கொண்டு. அந்தத் தண்ணீரையும் ஒருநாள் குடித்தேன். தொண்டையில் இறங்காமல் பாதி வழியில் நின்று யோசித்தது அது. குண்டாக இருந்தபோது என் நாத்தனார் கோமதி, ஊர்ச் சனம் மத்தியில், “மதினி ஏறிட்டா அந்த ஆட்டோவுல வேற ஆளு ஏறக் கூடாதுல்லா” என்று சிரித்தாள். இளைத்த பிறகு அதே கோமதி என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, “என்ன மதினி இப்பிடி எளச்சிட்டிய, சுகரா?” என்றாள். குரலில் அதே சந்தோஷம். என் உடம்பு யாருடைய சொத்து என்று சில சமயம் சந்தேகம் வருகிறது. பட்டா என் பெயரில் இல்லை போலிருக்கிறது. கொழுப்பு போன இடத்தில் தோல் மட்டும் மிஞ்சி, பிழியாமல் கொடியில் போட்ட துணிபோல் மேல்கையில் தொங்குகிறது. போர்டில் எழுதினால் அது ஒரு எழுத்து தாமதமாக அசைகிறது. முன்வரிசைப் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். நானாக இருந்தாலும் பார்ப்பேன்.

“யக்கா, இதைச் செத்தப் பிடிங்க.” பக்கத்தில் இருக்கிறவள் ஒரு பொட்டலத்தை என் கையில் திணிக்கிறாள். முத்துப்பேச்சி என்று சற்று முன்தான் பெயர் சொன்னாள், ஆலங்குளம் பக்கம். குச்சி மாதிரி இருக்கிறாள். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காற்றடித்த பயிர்போல இருக்கின்றன. வருகிறபோதே இவளை என் கட்சி சாட்சியாகச் சேர்த்துவிட்டேன்: ஒல்லியாக இருக்கிறாள், என்னைவிட மோசமாக இருக்கிறாள். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை வாங்கிப் பிரிக்கிறாள். உளுந்த வடை. காகிதம் எண்ணெயில் ஊறிக் கண்ணாடியாகிவிட்டது; அதன் வழியாக அவளுடைய கைரேகை தெரிகிறது. நான் சற்றுத் தள்ளி உட்காருகிறேன்.

“ஒண்ணு எடுத்துக்கிடுங்க.”

“வேண்டாம்மா. இந்த நோய்க்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதே?”

“எனக்கு ஆகும்னுட்டாருல்லா! இந்தாளு என்னய வெயிட்டை ஏத்தச் சொல்லுதாரு யக்கா. எலும்பா இருந்தாலும் இந்த நோவு சாஸ்தியாத்தான் படுத்துமாம். முட்டை தின்னு, கடலை தின்னு, பருப்பு தின்னுங்காரு. நான் வடையும் பருப்புதானன்னு திங்கேன்.” ஒரு விள்ளலை வாயில் போட்டு மெல்லுகிறாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்க்கிறாள். “ஒங்களுக்கு?”

“எனக்குக் குறைக்கச் சொன்னார்.”

“அட! மொதல்லயே ரெண்டு பேரும் பாத்திருந்தா ஒங்ககிட்ட எறக்குறத எங்கிட்ட ஏத்தியிருக்கலாம்லா. அவருக்கும் வேலை மிச்சம்.” வாயில் வடையோடு சிரிக்கிறாள். உளுந்துத் துணுக்கு ஒன்று என் புடவையில் வந்து விழுகிறது. வெள்ளையாக, ஈரமாக, உயிருள்ளது போல. அதைத் தட்டிவிட விரலைக் கொண்டுபோகிறேன், விரல் மடங்குகிறது, இவ்வளவு நாளாக மடங்காத அந்த நடுவிரல் ஒழுங்காக மடங்கித் துணுக்கைச் சுண்டிவிடுகிறது, அதைப் பார்க்க இன்னும் குமட்டுகிறது. இவளும் என் கட்சி சாட்சி இல்லை. ஒல்லிக்கு ஒரு விதி, குண்டுக்கு ஒரு விதி என்று அந்த மனிதர் ஆளைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார் என்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவது? கோபம் போய்விட்டால் நாலு மாதம் தின்ற கொள்ளுக்கு என்ன அர்த்தம்?

“செண்பகவல்லி!” என்று மேசைக்காரப் பெண் கூப்பிடுகிறாள். எழுந்து நடக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு நொண்டுவது தெரிய வேண்டும் என்று நினைத்துக் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறேன். எந்தக் காலில் நொண்டுவது என்பதில் ஒரு கணம் குழப்பம். “செருப்பைக் கழத்திட்டு ஏறுங்கம்மா” என்கிறாள் சிஸ்டர். எனக்கு முன் ஏறியவர்களின் ஈரக் கால்தடம் மெஷினின் ரப்பரில் படிந்திருக்கிறது, ஒன்றன்மேல் ஒன்றாக, எத்தனையோ குதிகால்கள். அதன்மேல் என் காலை வைக்கிறேன். வெதுவெதுப்பாக இருக்கிறது. முள் ஆடி நிற்கிறது. “எழுபத்தி ஆறு!” மேசைக்காரப் பெண் நிமிர்கிறாள். “எவ்வளவு?” “எழுபத்தி ஆறு!” “சிஸ்டர், போன தடவ எண்பத்தி ஒம்போதுல்லா? நல்லாப் பாருங்க, முள்ளு எங்கயும் சிக்கியிருக்கும்.” இவை எல்லாம் முப்பது நாற்பது பேரின் தலைக்கு மேலே, பந்து போடுகிற மாதிரி. சிஸ்டர் மெஷினைக் காலால் இரண்டு தட்டு தட்டுகிறாள். என்னை இறக்கி, மறுபடி ஏற்றுகிறாள். “எழுபத்தி ஆறுதான்!” கூடத்தில் ஓர் ஆச்சரியச் சத்தம், பட்டாசு நமத்துப்போய் வெடிப்பதுபோல. எண்பத்து மூன்றுக்காரர் எட்டி, “என்ன டயட்டு மேடம்?” என்கிறார். அவருடைய கண்ணில் உண்மையான மரியாதை. கண்ணகலப் பார்க்கிற முகங்கள் எல்லாமே என் இடுப்பில் அந்தப் பதின்மூன்று கிலோ இருந்த இடத்தைத் தேடுகின்றன. காணாமல் போனதை இவ்வளவு ஆவலாகப் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது. அந்த வெதுவெதுப்போடு செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறேன். டாக்டர், நீங்கள் சொன்னபடி செய்தேன். டாக்டர், நீங்கள் சொன்னபடி. உத்தேசம்.

டாக்டர் ஏசுவடியான் சீட்டைப் பார்க்கிறார். புருவத்தைச் சுருக்குகிறார். நான் வாயைத் திறப்பதற்குள், “இதென்ன மேடம், பதிமூணு கிலோ எறங்கியிருக்கு?” என்கிறார். “காய்ச்சல் வருதா? சாயங்காலமா? இருமல்? படுக்கையில வேர்த்து நனையுதா? கட்டி கிட்டி எதும் தட்டுப்படுதா?” சின்ன டாக்டரிடம் திரும்பி, “நெஞ்சு எக்ஸ்ரே போடு. வயித்துக்கு ஸ்கேனும் எழுது. நாலு மாசத்துல இப்பிடித் தன்னால எறங்கக் கூடாது.”

“தன்னால எறங்கல, டாக்டர். நான் எறக்கினேன்.”

“எதுக்கு?”

எதுக்கு. நாலு மாதப் பேச்சில் இந்தக் கேள்விக்கு இடமே விடவில்லை நான். “நீங்கதான் சொன்னீங்க.”

“நானா?” யோசிக்கிறார். உண்மையாகவே யோசிக்கிறார், அதுதான் கொடுமை. “சொல்லியிருப்பேன். எல்லார்ட்டயும் சொல்றதுதான். யாரு செய்தா?” சிரிக்கிறார். நல்ல பல்வரிசை. நாலு மாதம் நான் ஒரு ஆளோடு போர் நடத்தியிருக்கிறேன். அந்த ஆளுக்குப் போர் அறிவிக்கப்பட்டதே தெரியாது. வரலாற்றில் இப்படி நடந்திருக்கிறதா என்று மூளை ஒரு பக்கம் பொறுப்பாகத் தேடிக்கொண்டிருக்கிறது. “பசி இல்லாம எளச்சீங்களா, பட்டினி கிடந்து எளச்சீங்களா? ரெண்டும் வேற. ஸ்கேன் பாத்துருவோம்.” ஸ்கேன் வேண்டாம் டாக்டர் என்கிறேன். கொள்ளு என்கிறேன், கீரை என்கிறேன், மைதானம் என்கிறேன். அவர் நம்பாத முகத்தோடு கேட்கிறார். எனக்கு ஆத்திரமாக வருகிறது. கொழுப்பு என்பது கிடங்கில்லை என்று அவருக்கு, அந்த டாக்டருக்கு, விளக்கத் தொடங்குகிறேன். அது எப்படி அழற்சியைத் தூண்டுகிறது, எடை இறங்கினால் அது எப்படி அடங்குகிறது, முழங்கால் ஓர் அடிக்கு எவ்வளவு தாங்குகிறது. இவருடைய கட்சிக்காக இவரிடமே வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் புரிகிறது. அப்போது நிறுத்தவும் முடியவில்லை. சின்ன டாக்டர் வாயைக் கையால் மறைத்துக்கொள்கிறான்.

“அப்ப வலி குறைஞ்சிருக்கு?”

அந்தக் கேள்வி வந்துவிட்டது. நான் நினைத்திருந்த ஏளனம் அதில் இல்லை. பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரி கேட்கிறார். தோற்பதற்குக்கூட எதிரே ஆள் இல்லை. “குறைஞ்சிருக்கு” என்கிறேன். வாயில் கசப்பு ஊறுகிறது. “எவ்வளவு?” “பாதி.”

கையை நீட்டச் சொல்கிறார். ஒவ்வொரு மூட்டாக அமுக்குகிறார். வலிக்குதா? இல்லை. இங்க? இல்லை. இங்க? ஒவ்வோர் ‘இல்லை’யும் நான் என் கையால் எழுதிக் கொடுக்கிற சரணாகதிப் பத்திரம் மாதிரி இருக்கிறது. அவருடைய விரல் நுனிகள் குளிர்ச்சியாக, சோப்பு வாசனையோடு, எனக்குச் சொந்தமில்லாத ஏதோ ஒன்றைச் சரிபார்ப்பதுபோல நகர்கின்றன. இங்க? இல்லை. முழங்கை, தோள், இல்லை, இல்லை. இடது மணிக்கட்டில் கட்டைவிரலை வைக்கிறார். நான் கத்துகிறேன். கூடத்தில் எடை கூவுகிற சிஸ்டருக்கே கேட்டிருக்கும்.

அவர் கையை எடுக்கவில்லை. தலையைக் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மறுபடி, மிகவும் மெதுவாகத் தொடுகிறார். “இங்க வா” என்று சின்ன டாக்டரைக் கூப்பிடுகிறார். “தொட்டுப் பாரு. தளதளன்னு ஓடுதா? இது சதையில்ல. உள்ள சவ்வு வீங்கியிருக்கு.” பிறகு வலது மணிக்கட்டு. அங்கேயும் கத்துகிறேன், கொஞ்சம் குறைவாக. “ரெண்டு பக்கமும்” என்கிறார். அப்போதுதான், இந்த ஆஸ்பத்திரிக்கு நான் வரத் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக, என் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார். அவருக்கு ஒரு கண் சற்றுச் சிறியது. நான் அதைக் கவனித்ததே இல்லை. நானும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

“எவ்வளவு நாளா இந்த இடம் இப்பிடி வலிக்கு?”

“போன தடவை வந்தப்பவும் வலிச்சுது, டாக்டர்.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார். “அப்ப கைக்குத் தட்டுப்படல. மேல மூடியிருந்திருக்கு. இப்பத்தான் தெரியுது.” பிறகு, எழுதுகிற தாளிடம் சொல்வதுபோல, “முன்னாடியே ஸ்கேன் வச்சுப் பாத்திருக்கணும்” என்கிறார். யார் பார்த்திருக்க வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அரசர்களின் தோல்விகளைப் பதிவு செய்கிறவர்களும் இப்படித்தான் எழுதுவார்கள். இதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை, எடுத்து வைத்துக்கொள்கிறேன். “இது வெயிட்டைக் குறைச்சாப் போகாது மேடம். மருந்தை மாத்தணும். இப்ப குடுத்தா நல்லாப் பிடிக்கும், உடம்பு எறங்கியிருக்குல்ல. ஆனா இனிமே இந்த வேகத்துல எறக்காதீங்க. சாப்பிடுங்க. எதையாவது நல்லதாச் சாப்பிடுங்க.” மணியை அடிக்கக் கையைக் கொண்டுபோகிறார். அடிக்காமல், “வேற ஏதும் கேக்கணுமா?” என்கிறார். அந்தப் பேச்சு முழுதும் நாக்கின் நுனியில் இருக்கிறது, உத்தேசம் உட்பட. கெட்டுப்போன பால் மாதிரி திரிந்திருக்கிறது. “இல்லை” என்கிறேன்.

வெளியே வருகிறேன். முத்துப்பேச்சி மெஷினில் நிற்கிறாள். சிஸ்டர் கூவுவதைக் கேட்க நிற்கவில்லை. படி இறங்கும்போது இரண்டு மணிக்கட்டிலும் அவர் அமுக்கிய இடம் விண்விண்ணென்று தெறிக்கிறது. கைப்பிடியைப் பிடிக்கவே முடியவில்லை. இவ்வளவு வலியையும் வைத்துக்கொண்டு எனக்குள் ஏதோ துள்ளுகிறது. அசிங்கமான துள்ளல். எலும்பை அரிக்கிற நோய் உள்ளே இருக்கிறது என்ற உறுதியான செய்தியைக் கேட்டு ஒருத்தி துள்ளுவாளா? மூடியிருந்த அந்தச் சதையும் என்னுடையது, அதை மூடவைத்த சோறும் என்னுடையது, அதற்கு அடியில் இத்தனை நாளாகக் கிடந்து பொய் சொல்லாமல் வலித்ததும் என்னுடையதுதான். கீழே ஸ்கூட்டரின்மேல் சாய்ந்து நின்றிருக்கும் என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்ததும் நிமிர்கிறார். ஆஸ்பத்திரி வாசனை ஆகாது என்று எப்போதும் வெளியேதான் நிற்பார். என் முகத்தில் எதையோ கண்டுவிட்டு அவசரமாக இரண்டடி முன்னால் வருகிறார்.

“என்ன சொன்னாரு? எடை போதுமாமா?”

“எனக்கு நெசமாவே நோய் இருக்காம்” என்கிறேன்.

அவர் என்னையே பார்க்கிறார். கையில் வண்டிச் சாவி தொங்குகிறது.

“அதுக்கு ஏன் சிரிக்கே?” என்கிறார்.